ரீகனின் இரண்டு முகங்கள்
அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ரீகன் என்றாலே ‘பனிப்போரை முடித்தவர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பாதிதான் சரி. 1983-இல் சோவியத்தைத் ‘தீய சாம்ராஜ்யம்’ என்றவர், 1986 அக்டோபரில் ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கில் சோவியத் தலைவர் கோர்பசேவோடு உட்கார்ந்து அணு ஆயுதமே வேண்டாம் என்கிற அளவுக்குப் போனார். எதிரி ஏவுகணைகளைத் தடுக்க ரீகன் போட்ட விண்வெளிக் கவசத் திட்டத்தின் ஆராய்ச்சி ஆய்வுக்கூடத்தைத் தாண்டக் கூடாது என்று கோர்பசேவ் பிடித்த பிடியில் பேச்சு முறிந்தது. ஆனாலும் அடுத்த ஆண்டே, தரையிலிருந்து ஏவும் நடுத்தர, குறுகிய தூர ஏவுகணைகளை ஒழிக்க இருவருக்கும் ஒப்பந்தம். அதன்படி 1991-க்குள் 2,692 ஏவுகணைகள் ஒழிந்தன. அன்று அவரைத் திட்டிய வலதுசாரிகளே அப்புறம் கொண்டாடினார்கள், அது தனிக்கதை.

அவருடைய இன்னொரு முகத்தை மத்திய அமெரிக்காவில் கேட்டுப் பாருங்கள். 1981 டிசம்பரில் எல் சால்வடாரின் எல் மொசோட்டே கிராமத்தைக் குழந்தைகளோடு கொன்று தீர்த்தது அமெரிக்கா பயிற்றுவித்த அந்நாட்டு ராணுவப் படை. செய்தி வெளிவந்ததும் ரீகன் அரசு ஆதாரமில்லை என்று கையை விரித்தது. மாஸ்கோவிடம் காட்டிய நிதானத்தில் கால்வாசியாவது அங்கே காட்டியிருக்கலாம்.