16 வயதுக்கு எத்தனை பெயர்

தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதி இளமைப் பெயர்களோடுதான் தொடங்குகிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. இந்த ஒன்பதில் மனிதருக்கென்று அது விட்டுவைப்பது குழவியும் மகவும் மட்டும். பிள்ளை அப்போது பறவைக் குஞ்சுக்கும் தவழும் உயிர்களுக்கும் உரிய சொல், கிளிப்பிள்ளை என்பதில் அந்தப் பழைய வழக்கு இன்னும் இருக்கிறது. இன்றைக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் குழவி என்றால் அம்மியில் அரைக்கிற கல்தான் நினைவுக்கு வரும். குழந்தைகள் எல்லோரும் பிள்ளை.

எனக்கு இந்தச் சொல்லை மிகவும் பிடிக்கும். கிளினிக்கில் மிட்வைப் மிஸ் பால்குடியையும் பிள்ளை என்கிறார், யாழ்ப்பாணத்துப் பெரியம்மாமார் நாற்பது வயதுப் பெண்ணையும் "வா பிள்ளை" என்று கூப்பிடுகிறார்கள். கொழும்பில் அதோடு பபா (குழந்தை), மல்லி (தம்பி), நங்கி (தங்கச்சி) என்று சிங்களச் சொற்களும் வீட்டுக்குள் வந்துவிட்டன, அதுவும் நல்லதுதான். பாடப்புத்தகத்துக்கு முன்பிள்ளைப் பருவம், கட்டிளமைப் பருவம் என்று தனிச் சொற்கள் உண்டு. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை; தவழுகிற பிள்ளை, பல்லு முளைக்கிற பிள்ளை என்று செய்கையை வைத்தே பருவத்தைச் சொல்கிறோம், முதல் பல்லுக்குக் கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டுகிறோம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பெண் பிள்ளை என்றால் "பெரிய பிள்ளையாகிட்டா" என்று ஊருக்கே அறிவித்து மண்டபம் எடுக்கிறோம், அடுத்த நாளிலிருந்து அவள் குமர். குமர் என்ற சொல்லில் அவளுடைய வயதை விட அவளுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை என்பதுதான் பெரிதாகக் கேட்கிறது. அதே வயதுப் பெடியனைப் பெடியன் என்றே விட்டுவிடுகிறோம்.

செய்திகளையும் கவனித்துப் பாருங்கள். 16 வயதுப் பெடியன் கடலில் மூழ்கினால் மாணவன், சிறுவன். அதே வயதில் ஒருவன் கைதானால் இளைஞன், சிலவேளை சந்தேகநபர் மட்டும். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின்படி 18 வயதுக்குக் கீழே இருவருமே சிறுவர்கள்தான்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது இங்கேதான்: மலையகத்திலிருந்து கொழும்பு வீடுகளுக்குச் சமைக்கவும் கழுவவும் கொண்டுவரப்பட்ட சிறுமிகளை என்ன சொல்லி அழைக்கிறோம்? வீட்டுக்காரரின் மகளுக்கு 15 வயதென்றால் "பிள்ளை படிக்குது, சத்தம் போடாதேங்கோ." குசினியில் நிற்கும் அதே வயதுக்காரி "வேலைக்கு நிக்கிற பெட்டை." பெட்டை கெட்ட சொல் இல்லை, எங்கள் அம்மாமார் செல்லமாகவும் சொல்கிறார்கள், ஆனால் இந்த வாக்கியத்தில் துளிகூடச் செல்லம் இல்லை. பிள்ளை என்று சொல்லிவிட்டால் இரவு பதினொரு மணிக்குச் சட்டி கழுவ விடுவது கஷ்டம், பெட்டை என்றால் யாருக்கும் உறுத்தாது.

2021இல் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்திவிட்டார்கள். சட்டம் மாறினாலும் பேச்சு அப்படியே கிடக்கிறது. அதனால் இப்போது யார் வீட்டிலாவது இப்படிச் சொன்னால் நான் நேரே கேட்டுவிடுகிறேன்: அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு, எத்தனையாம் ஆண்டு படிக்கிறா? சிலருக்கு முகம் சுருங்குகிறது, சுருங்கட்டும். பதில் சரியில்லை என்று பட்டால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929, கைபேசியில் போட்டு வையுங்கள்.