வண்டி நிற்கும் நாளுக்கு யார் காசு?

என் லாரிக்கு லோடு இருக்கிறது என்று புரோக்கர் கூப்பிட்டால் ரேட்டை நான் கடைசியில்தான் கேட்பேன். முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஏத்துவாங்க?" அடுத்தது, "இறக்கற இடத்துல எத்தனை வண்டி நிக்குது?" சிலருக்கு இதைக் கேட்டதும் எரிச்சல் வரும். "அண்ணே, நல்ல ரேட்டு, முதல்ல அதைக் கேளுங்க" என்பார்கள். நல்ல ரேட்டா இல்லையா என்பதே அந்த இரண்டு பதிலும் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவர்கள் கிலோமீட்டருக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று பேசித்தான் பழகியிருக்கிறோம். ஆனால் வண்டித் தவணை கிலோமீட்டர் பார்த்து வருவதில்லை. இன்சூரன்ஸ், வரி, பெர்மிட் எல்லாம் அப்படித்தான். வண்டி ஓடினாலும் நின்றாலும் நாளுக்கு ஒரு தொகை போய்க்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவனின் சம்பளமும் அதில் சேர்த்தி. பல பேர் இந்தச் சம்பளத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மாதக் கடைசியில் லாபம் என்று எண்ணுவது பாதி நேரம் அவர்களுடைய கூலிதான், அதுவும் குறைந்த கூலி.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். வண்டியின் ஒரு நாள் நிலைச் செலவு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல், டயர் தேய்மானம், ஆயில், டோல் எல்லாம் சேர்த்து 100 கிலோமீட்டர் ஓட 40. இப்போது இரண்டு லோடு வருகிறது. முதல் லோடு 600 கிலோமீட்டர், வாடகை 900. ஏற்ற ஒரு நாள், ஓட ஒரு நாள், இறக்க ஒரு நாள், காலியாகத் திரும்ப ஒரு நாள். நான்கு நாளுக்கு 400, போக வர 1,200 கிலோமீட்டருக்கு 480. கையில் நிற்பது 20. இரண்டாவது லோடு 400 கிலோமீட்டர், வாடகை 560. காலையில் ஏற்றி மறுநாள் இறக்கிவிடலாம், இறக்குகிற ஊரிலேயே அடுத்த லோடும் கிடைக்கும். இரண்டு நாளுக்கு 200, டீசல் வகையறா 160. மிச்சம் 200. கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் முதல் லோடுதான் உசத்தி: 1.50, மற்றது 1.40. புரோக்கர் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு வேண்டிய கணக்கு அது.

அதனால் பேரம் பேச உட்காரும் முன்பே என் கையில் இரண்டு எண் இருக்கும்: நாள் செலவு, கிலோமீட்டர் செலவு. டீசல் விலை மாறினால் இரண்டாவதைத் திருத்துவேன். வேறு சூத்திரம் எதுவும் கிடையாது.

பேச்சுக்கு வருவோம். புரோக்கர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எங்க இருக்கீங்க, எப்ப காலியானீங்க?" என்பதுதான். சாதாரண விசாரிப்பு மாதிரி இருக்கும். நேற்றே இறக்கிவிட்டு சும்மா நிற்கிறேன் என்று சொன்னால் ரேட்டு அங்கேயே இறங்கிவிடும். பொய்யும் சொல்ல வேண்டாம். "நாளைக்குக் காலைல ஏத்தலாம், எனக்கு அவசரம் இல்ல" என்றால் போதும். உண்மையில் நாம் கேட்க வேண்டியது அவருக்கு எவ்வளவு அவசரம் என்பதை. ஒரே லோடுக்கு இரண்டாவது முறை கூப்பிட்டால், ஒத்துக்கொண்ட வண்டி வரவில்லை என்று அர்த்தம். சாயங்காலம் கூப்பிட்டு "இன்னிக்கே ஏறணும்" என்றாலும் அப்படித்தான். மாதக் கடைசியிலும் பாருங்கள், விற்பனைக் கணக்கை முடிக்க தொழிற்சாலைகள் சரக்கை வெளியே தள்ளும், வண்டிக்கு அலைவார்கள். அந்த நேரத்தில் "இதுக்கு மேல பார்ட்டி தர மாட்டாங்க அண்ணே" என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "சரி, கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிடுவேன்.

ஊருக்கு ஊர் திசையும் உண்டு. சரக்கு உள்ளே போகிற ஊருக்கு ரேட்டு நன்றாக இருக்கும். அங்கிருந்து வெளியே வர ஒன்றும் இருக்காது, இறக்கின வண்டியெல்லாம் வரிசையில் நின்றுகொண்டு போட்டி போட்டு ரேட்டை அறுக்கும். அப்படிப்பட்ட ஊருக்கு லோடு பேசும்போது காலியாகத் திரும்பும் செலவையும் போகிற வாடகையிலேயே ஏற்றித்தான் சொல்வேன். "ரிட்டர்ன் லோடு நானே தர்றேன்" என்று புரோக்கர் சொன்னால் மகிழ்ச்சி, ஆனால் அந்த வாக்குக்காக ரேட்டைக் குறைக்க மாட்டேன். தந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரக்கின் கனமும் பார்க்க வேண்டும். இரும்பு ஏற்றினால் வண்டியில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே எடை முடிந்துவிடும். பஞ்சு, தெர்மாகோல், காலி பாட்டில் எல்லாம் தலைகீழ். எடைக்கு வாடகை பேசினால் பஞ்சில் வண்டிக்காரனுக்குக் கட்டுபடியாகாது. ஐரோப்பாவில் சாலைச் சரக்குக்கு ஒரு கன மீட்டரைக் குறைந்தது 333 கிலோவாகக் கணக்கிடும் வழக்கம் இருக்கிறது. நியாயமான வழக்கம்.

ஹால்டிங்குக்கு, அதாவது ஏற்ற இறக்க வண்டி காத்து நிற்கும் நேரத்துக்கான காசுக்கு, வருகிறேன். எனக்கு வாய்ச்சண்டை வருவதெல்லாம் இதில்தான். ஒரு பெரிய கிடங்கில் இறக்க இரண்டு நாள் நின்றுவிட்டு ஹால்டிங் கேட்டேன். "எல்லா வண்டியும்தான் நிக்குது" என்றார் அங்கிருந்த சூப்பர்வைசர். எல்லோரும் நஷ்டப்பட்டால் அது நஷ்டம் இல்லை போலிருக்கிறது! கிடங்குக்காரருக்கு என் வண்டி வாடகை இல்லாத இன்னொரு கிடங்கு. நிறுத்திவைப்பதற்குக் காசு இல்லை என்றால் அவர் ஏன் ஆள் போட்டு சீக்கிரம் இறக்க வேண்டும்? அமெரிக்காவில் லாரி ஓட்டுநர் பொதுவாக வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டும், அதற்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். கிடங்கு வாசலில் 5 மணி நேரம் போய்விட்டால் மிச்சம் 9. ஓட்டிச் சம்பாதிக்கும் நேரத்திலேயே இரண்டு மணி நேரத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டார் என்றுதானே அர்த்தம்?

கன்டெய்னர் கப்பலுக்கு வழி போட்ட மால்கம் மெக்லீன் லாரி ஓட்டியவர். 1937-இல் பஞ்சு மூட்டையோடு துறைமுகத்தில் நாள் முழுக்கக் காத்துக் கிடந்தபோதுதான் அந்த யோசனை வந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1956 ஏப்ரல் 26 அன்று அவருடைய ஐடியல் எக்ஸ் கப்பல் 58 பெட்டிகளோடு நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. அன்றைக்கு அவருக்கு ஒழுங்காக ஹால்டிங் கிடைத்திருந்தால் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் போயிருப்பாரோ என்னவோ.

அப்புறம் பாக்கி. டீசலுக்கு நான் இன்றைக்கே பணம் கட்ட வேண்டும், வாடகையோ டெலிவரி ரசீது போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து வரும் என்கிறார்கள். 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி 70 இரண்டு மாதத்தில் என்றால், மாதம் 2 வட்டிக்கு வாங்கி ஓட்டுகிறவனுக்கு மொத்த வாடகையில் 2.8 சதவீதம் வட்டியிலேயே போச்சு. பேரத்தில் ரேட்டு நகராதபோது நான் அட்வான்ஸைப் பிடித்துக்கொள்வேன். "ரேட்டு அப்படியே இருக்கட்டும், அட்வான்ஸ் 80 போடுங்க." ரேட்டை ஏற்றுவதை விட இதற்குச் சுலபமாக இறங்கி வருவார்கள், ஏனென்றால் அவர்கள் கமிஷனில் கை வைக்கவில்லை.

மலிவு ரிட்டர்ன் லோடு எடுக்கலாமா என்று இளம் பையன்கள் கேட்பார்கள். காலியாக வருவதற்கு டீசல் காசாவது கிடைக்குமே என்பது வாதம். வழியிலேயே ஏற்றி, வழியிலேயே இறக்கி, நாள் வீணாகாது என்றால் எடுங்கள், நானும் எடுப்பேன். அதற்காக ஒரு நாள் காத்திருந்து, இன்னொரு நாள் இறக்க நிற்க வேண்டும் என்றால் காலியாகவே வந்துவிடுவது மேல். மலிவாக ஏற்றினால் இன்னொன்றும் நடக்கும்: அந்த ஊரில் அடுத்த வண்டிக்காரரிடமும் "நேத்து ஒருத்தர் இந்த ரேட்டுக்குத்தான் ஏத்தினாரு" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

எல்லாம் பேசி முடித்ததும் போனிலேயே ஒரு மெசேஜ் அனுப்புவேன். ஏற்றும் இடம், இறக்கும் இடம், எடை, வாடகை, அட்வான்ஸ், பாக்கி தரும் தேதி, எத்தனை மணி நேரத்துக்கு மேல் நின்றால் நாளுக்கு எவ்வளவு ஹால்டிங், ஏற்று கூலி இறக்கு கூலி யாருடையது. ஆறேழு வரிதான். சரி என்று பதில் வந்த பிறகுதான் வண்டியை எடுப்பேன். சிலர் பதில் போடாமல் போன் செய்து, "எல்லாம் பேசினதுதானே அண்ணே, எதுக்கு எழுத்துல?" என்பார்கள். பேசினதுதான் என்றால் எழுதுவதில் என்ன கஷ்டம் என்று கேட்பேன். பாதிப் பேர் எழுதிவிடுகிறார்கள். மீதிப் பேருடைய லோடை வேறு யாராவது ஏற்றிக்கொள்ளட்டும்.