உறங்காத கார்: இரவில் கரையும் சார்ஜைத் தேடி

ஏப்ரல் 3, 2025

நேற்றிரவு பத்து மணிக்கு, கோவையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைக்கீழ் நிறுத்துமிடத்தில் மின்சாரக் காரை நிறுத்திப் பூட்டியபோது திரையில் 80 சதவீதம் இருந்தது. இன்று காலை ஏழு மணிக்கு 76. இடையில் யாரும் வண்டியைத் தொடவில்லை.

பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 40 கிலோவாட் மணி, அதாவது மின்வாரியக் கணக்கில் 40 யூனிட். அதில் நான்கு சதவீதம் என்பது 1.6 யூனிட், ஒன்பது மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் சராசரியாக 180 வாட் வருகிறது. இரண்டு மின்விசிறிகளை விடியவிடிய முழு வேகத்தில் ஓடவிட்டாலும் இவ்வளவு செலவாகாது. லித்தியம் பேட்டரி தானாகவே சார்ஜை இழக்கும் என்பது உண்மைதான் என்றாலும், அந்த இழப்பு மாதத்துக்கே சில சதவீதம்தான் இருக்கும் என்பதால், ஓர் இரவில் நான்கு சதவீதம் குறைவதற்கு அது காரணமாக இருக்க முடியாது. பூட்டிய காருக்குள் ஏதோ ஒன்று விழித்திருந்து மின்சாரத்தை உண்கிறது.

ஏப்ரல் 5

மின்சாரக் காரில் பேட்டரிகள் இரண்டு என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சக்கரங்களை ஓட்டும் பெரிய பேட்டரி ஒன்று. விளக்கு, பூட்டு, திரை, உள்ளிருக்கும் கணினிகள் ஆகியவற்றுக்கான 12 வோல்ட் பேட்டரி மற்றொன்று. காரைப் பூட்டிச் சற்று நேரம் ஆனதும் பெரிய பேட்டரியைக் காரின் மற்ற பாகங்களுடன் இணைக்கும் கான்டாக்டர்கள் என்னும் பெரிய சுவிட்சுகள் திறந்துகொள்ளும், அதாவது இணைப்பு துண்டிக்கப்படும். அதன்பின் அதிலிருந்து மின்சாரம் வெளியேற வழியே இல்லை. ஆனால் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால், பல கார்களில் கான்டாக்டர்கள் தாமாகவே மூடிக்கொண்டு, பெரியதிலிருந்து சின்னதுக்குச் சார்ஜ் ஏற்றும். ஆகவே பெரிய பேட்டரியில் தெரியும் இழப்பின் வேர் பெரும்பாலும் 12 வோல்ட் பக்கத்தில்தான் இருக்கும். நேற்றிரவு கீழே சென்று அமைதியாக நின்று கேட்டேன். பூட்டி வெகுநேரம் கழித்து, வண்டியின் அடிப்பகுதியிலிருந்து கான்டாக்டர் மூடும் ‘டக்’ ஒலி தெளிவாகக் கேட்டது.

ஏப்ரல் 8

ஓர் இரவுக்கு ஒரு மாற்றம் மட்டும் என்ற ஒழுங்கை விடாமல் கடைப்பிடிக்கிறேன், ஏனெனில் இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று சொல்ல முடியாது. சாவியை வண்டியிலிருந்து வெகுதூரம் தள்ளி வைத்த இரவில் மாற்றம் எதுவும் இல்லை. என் கைப்பேசியிலும் துணைவியாரின் கைப்பேசியிலும் காருக்கான செயலியை நீக்கிய இரவில் இழப்பு மூன்று சதவீதமாகக் குறைந்தது. சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று செயலியில் பார்க்கும்போதெல்லாம் கார் விழிக்கக்கூடும், பிறகு மீண்டும் உறங்குவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். இழப்பை அளக்க விரும்புகிறவர் அடிக்கடி செயலியைத் திறந்தால் அளக்கும் செயலே இழப்பைக் கூட்டிவிடும். நான் காலையில் காரின் திரையில் மட்டுமே பார்த்துக் குறிக்கிறேன்.

மீதி மூன்று சதவீதத்துக்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 12

இன்று பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர், கம்பியை வெட்டாமல் வெளியே கவ்வியே மின்னோட்டத்தை அளக்கும் தம் கிளாம்ப் மீட்டருடன் வந்தார். வீட்டு ஒயரிங்குக்குப் பயன்படும் சாதாரணக் கிளாம்ப் மீட்டர்களில் பல ஏ.சி. மின்னோட்டத்தை மட்டுமே அளக்கும், இதற்கு டி.சி. அளக்கக்கூடியது தேவை. ஆரஞ்சு நிற உறையிட்ட உயர் அழுத்தக் கேபிள்களின் பக்கமே நாங்கள் போகவில்லை. அவற்றைப் பயிற்சி பெற்றவர்களைத் தவிர யாரும் தொடக்கூடாது.

பானட் திறந்திருந்தால் கார் உறங்காது என்பதால், அதன் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, கதவுகளைப் பூட்டி, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளில் மீட்டரை மாட்டிவிட்டுக் காத்திருந்தோம். பூட்டியவுடன் பல ஆம்பியர். அரை மணி நேரத்தில் படிப்படியாக இறங்கி 0.4 ஆம்பியரில் நின்றது. நன்றாக உறங்கும் காரில் 0.05 ஆம்பியரையொட்டியோ அதற்கும் கீழோ இருக்க வேண்டும். சிறிது நேரத்தில், யாரும் எதையும் தொடாமலே, மீட்டர் மீண்டும் பல ஆம்பியருக்குத் தாவியது. கூடவே அந்த ‘டக்’ ஒலி.

அந்த 0.4 ஆம்பியர்தான் எங்களுக்குக் கிடைத்த துப்பு. காரின் கணினிகள் கேன் எனப்படும் பொதுத் தடத்தில் பேசிக்கொள்கின்றன. அதில் ஒன்று உறங்க மறுத்துச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தால், சம்பந்தமில்லாத மற்றவையும் எழுந்துகொள்ளும். உறங்காத ஒன்று தின்பது சொற்பம். அது எழுப்பிவிட்ட கூட்டம் தின்பதுதான் அதிகம்.

ஏப்ரல் 13

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்க்கும் பழைய முறை இங்கே உதவாது, ஏனெனில் திரும்ப மாட்டும்போதே அந்தக் கணினி விழித்துக்கொண்டு அளவீட்டைக் கெடுத்துவிடும். மாறாக, ஃபியூஸை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, மேலே தெரியும் இரு உலோக முனைகளுக்கிடையே மில்லிவோல்ட் அளக்கலாம்: மின்னோட்டம் செல்லும் ஃபியூஸில் சில மில்லிவோல்ட் தெரியும், செல்லாததில் சுழியம். மற்றவை அடங்கியிருந்த நேரத்தில் ஒரே ஒரு ஃபியூஸ் மட்டும் உயிரோடு இருந்தது. அட்டவணையைப் பார்த்தால் அது இணையத் தொடர்புக் கருவியினுடையது. காரின் இருப்பிடத்தையும் சார்ஜ் அளவையும் கைப்பேசி வலையமைப்பு வழியாக அனுப்புவது.

அதைக் கழற்றிய நிலையிலேயே வண்டியை விட்டு வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 14

இரவு 72, காலை 72. தமிழ்ப் புத்தாண்டில் இதைவிட நல்ல செய்தி எனக்கு வேண்டியதில்லை!

ஏப்ரல் 16

கருவி பழுதாகியிருக்கிறதா, அல்லது சூழல் அதைப் படுத்துகிறதா என்று அறிய, ஃபியூஸைத் திரும்ப மாட்டிவிட்டுக் காரை நேற்றிரவு தெருவில் திறந்த வெளியில் நிறுத்தினேன். இழப்பு இல்லை. எங்கள் தரைக்கீழ்த் தளத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் வந்து வந்து போகும். அங்கே அந்தக் கருவி இரவெல்லாம் வலையமைப்பைத் தேடி, கிடைத்து, இழந்து, மறுபடி தேடிக்கொண்டிருக்கிறது என்பதே பொருந்துகிற விளக்கம். இது புதுமையும் அல்ல: அமெரிக்காவில் 2022 பிப்ரவரியில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 3ஜி சேவையை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த சில பெட்ரோல் கார்களின் தொடர்புக் கருவிகள் இல்லாத சிக்னலைத் தேடித் தேடியே 12 வோல்ட் பேட்டரியை வடித்துவிடுவதாகப் புகார்கள் எழுந்தன. சிக்னல் இல்லையென்றால் சில முயற்சிகளுக்குப் பின் உறங்கிவிடு என்று கருவிக்குச் சொல்வது தயாரிப்பாளரின் கடமை. அதை உரிமையாளர் மீட்டர் வைத்துக் கண்டுபிடிக்க நேரக்கூடாது.

ஏப்ரல் 22

சர்வீஸ் மையத்தில் முதலில், “நிறுத்தி வைத்தால் ஒன்றிரண்டு சதவீதம் குறைவது சாதாரணம்தான் சார்” என்றார்கள். வாதம் செய்யாமல் தேதிவாரியான குறிப்புகளையும் மீட்டர் அளவுகளின் படங்களையும் கொடுத்தேன். அதன்பின் பேச்சு மாறியது. தொடர்புக் கருவிக்குப் புதிய மென்பொருள் ஏற்றினார்கள். அந்த ஃபியூஸை நிரந்தரமாக எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, இந்த வண்டியில் அவசர அழைப்பும் அதே கருவி வழியாகத்தான் செல்கிறது என்றார்கள். அதனால் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

12 வோல்ட் பேட்டரியையும் சோதிக்கச் சொன்னேன். ஓய்வு நிலையில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டியது 12.2 காட்டியது, ஏறக்குறையப் பாதிச் சார்ஜ். இரவுதோறும் இறங்கி ஏறியதில் ஈய-அமிலப் பேட்டரி தேய்வது இயல்பே. அது முற்றிலும் இறந்துவிட்டால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கான்டாக்டர்களை மூட ஆளில்லாமல் கார் அசையாது. ஆகையால் புதிது மாற்றிவிட்டேன்.

ஏப்ரல் 30

பழைய இடத்தில், தரைக்கீழ்த் தளத்திலேயே நிறுத்துகிறேன். வெளியூர் சென்று திரும்பும்வரை நின்றிருந்த வண்டி ஒரே ஒரு சதவீதம் குறைந்திருந்தது. துணைவியாரின் கைப்பேசியில் செயலியை மீண்டும் நிறுவியாயிற்று. அடுத்த மென்பொருள் மாற்றம் வரும்போது, மறுநாளே இரவு அளவையும் காலை அளவையும் மறுபடி குறிக்கத் தொடங்குவேன்.