சி டிரைவ் இடமில்லாமல் சிவப்பாகிவிட்டதா?

செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் கொலுசுப் பட்டறைக் கம்ப்யூட்டரில் இருந்த சேமிப்பு டிஸ்க் 128 ஜிபி எஸ்எஸ்டி. கணக்கு, டிசைன் படங்கள் எல்லாம் அதில்தான். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் ஒவ்வொரு மென்பொருளையும் திரும்ப அமைக்க வேண்டும். பண்டிகை ஆர்டர் நேரத்தில் அதற்கு ஏது பொழுது? அதனால் மொத்த டிஸ்கையும் அப்படியே 1 டிபி எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து, அதாவது குளோன் செய்துவிட்டேன்.

இதற்கான குளோன்ஸில்லா மென்பொருள் இலவசம், பென் டிரைவிலிருந்தே ஓடும். தொடங்கும் முன் முக்கியக் கோப்புகளைத் தனியாக பேக்கப் எடுங்கள். டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இருந்தால் ரெக்கவரி கீயை எழுதி வையுங்கள். எது பழைய டிஸ்க், எது புதியது என்று அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இடம் மாறினால் மொத்தமும் போச்சு.

நிறையப் பேர் திகைத்து நிற்பது இதற்கு அப்புறம்தான். குளோன் முடிந்தும் சி டிரைவ் பழைய அளவிலேயே இருக்கும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில், அளவைக் கூட்டும் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கிக் கிடக்கும். காரணம், சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவே விண்டோஸைப் பழுதுபார்க்க ஒதுக்கிய பகுதியான ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கிறது. ஒட்டினாற்போல் வலப்பக்கம் இருக்கும் இடத்தை மட்டுமே விண்டோஸ் சேர்த்துக்கொள்ளும். பார்ட்டிஷன்களை நகர்த்தும் மென்பொருளான ஜிபார்ட்டெடில் அந்தப் பார்ட்டிஷனைக் கடைசிக்கு நகர்த்துங்கள், வழி திறந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது.

முதல் முறை பூட் செய்யும்போது பழைய டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பலாம். புதியது சில வாரம் ஒழுங்காக ஓடும்வரை பழையதை அழிக்கவும் வேண்டாம்.

சேலத்தில் யாருக்காவது இந்த வேலை இருந்தால் உள்பெட்டிக்கு வாங்க, கூடவே இருந்து செய்து தருகிறேன்.