மலையூரில் அடிபட்ட தங்கமீனைத் தேற்றிய அனுபவம்

குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கம் தங்கமீன் வளர்ப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீனுக்கு அடிபட்டால், மருந்துக்கு ஓடுவதற்கு முன் தண்ணீரின் வெப்பநிலையைப் பாருங்கள். சமவெளியில் இருக்கும் கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அந்தத் தொல்லையே கிடையாது.

எங்கள் ஒராண்டா வகைத் தங்கமீன், தொட்டியில் அழகுக்காக வைத்திருந்த பீங்கான் வளைவுக்குள் சிக்கிக்கொண்டு, தன்னை உருவிக்கொண்டு வெளியே வந்ததில், விலாவில் கட்டைவிரல் நகமளவுக்குச் செதில்கள் போய், வால்துடுப்பும் கிழிந்துவிட்டது. முப்பது லிட்டர் தண்ணீர் பிடிக்கும் தனித் தொட்டிக்கு மாற்றி, காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல் போட்டது வரை எந்தச் சிரமமும் இல்லை. ஆனால் மார்கழிக் குளிரில் அந்தத் தண்ணீர் 13 டிகிரியில் நின்றது. தங்கமீன் குளிரைத் தாங்கும். அதற்காகக் குளிரில் அதன் புண் ஆறிவிடாது. தண்ணீரின் வெப்பமே அதன் உடல் வெப்பம் என்பதால், குளிரக் குளிர நோய் எதிர்ப்பும் புதுத் தோல் வளர்வதும் மந்தமாகின்றன. பூஞ்சைக்கோ அதே குளிர் ஒரு தடையே இல்லை. சிவந்திருந்த புண்ணின் ஓரத்தில் விரைவிலேயே வெண்படலம் கட்டியது. கண்ணாடியருகே முகத்தை வைத்துப் பார்த்தால், பஞ்சு இழைகள் போல அது தண்ணீரில் அசைவது தெரிந்தது.

கால்நடை மருத்துவமனை ஒன்றில் சீட்டு எழுதுபவர், மாடு, ஆடு, நாய், கோழி என்று கோடு போட்டிருந்த பதிவேட்டையும் என் கையிலிருந்த வாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மீனுக்கெல்லாம் இங்க பார்க்கிறதில்லைங்க, மீன்வளத் துறையில கேளுங்க" என்றார். அங்கே தொலைபேசியில் கேட்டதற்கு, வளர்ப்புக் குளத்து மீன்களைப் பற்றியென்றால் சொல்ல முடியும் என்று பதில் வந்தது. நீலகிரியில் உள்ள அவலாஞ்சியில், குளிர்நீர் மீனான டிரவுட்டுக்குச் சுகமாக இருக்கும் குளிர்தான் என் வீட்டு மீனை வாட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீர்ச் சூடேற்றி வாங்கலாம் என்று மலையிறங்கி மேட்டுப்பாளையம் போனது முழுக்க வீண். "இந்த ஊர்ல யாருங்க ஹீட்டர் கேக்கறாங்க, சும்மாவே வேர்க்குது" என்று சிரித்த கடைக்காரர், அதற்குப் பதிலாகக் காகிதத்தில் மடித்த மஞ்சள் பொடி ஒன்றைக் கையில் திணித்தார். என்ன மருந்து என்று கேட்டால் "கம்பெனி மருந்துங்க" என்றும், எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டால் "ஒரு சிட்டிகை" என்றும் சொன்னார். பெயரும், எத்தனை லிட்டருக்கு எவ்வளவு என்ற கணக்கும் அச்சிடாத எந்தப் பொடியையும் தொட்டியில் போடாதீர்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்தாக இருந்தால் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. வடிகட்டியில் இருந்து மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கொன்றுவிடக்கூடும்.

உண்மையில் கைகொடுத்தது உப்பு. அயோடினும் கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருளும் கலக்காத உப்பை லிட்டருக்கு 1 கிராம் வீதம் தனியே கரைத்து ஊற்றி, அடுத்தடுத்த நாள்களில் 2, 3 கிராம் வரை உயர்த்தினேன். அதற்கு மேல் போகவில்லை. நன்னீர் மீனின் உடலில் உப்பு தண்ணீரில் இருப்பதைவிட அதிகம் என்பதால், தோல் உரிந்த இடத்தின் வழியாகத் தண்ணீர் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். அதை வெளியேற்றும் சுமையை இந்த உப்பு குறைக்கிறது. ஆவியாகிக் குறைந்த அளவுக்குத் தண்ணீர் விடும்போது உப்பு சேர்க்கக் கூடாது, உப்பு ஆவியாவதில்லை. பூஞ்சைக்கு மெத்திலீன் நீலம், சீசாவில் போட்டிருந்த அளவுப்படி, தனித் தொட்டியில் மட்டும். விரல் நகத்திலிருந்து அந்த நீலம் போவதற்குள் மீனே பாதி தேறிவிட்டது.

சூடேற்றியைக் கடைசியில் என் மைத்துனர் கோவையிலிருந்து வாங்கி வந்தார். அதன் திருகில் வைத்த எண்ணைவிட வெப்பமானி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது. வெப்பமானியைத்தான் நம்ப வேண்டும். நாளுக்கு ஓரிரு டிகிரிக்கு மேல் ஏற்றாமல் மெதுவாக 22-க்குக் கொண்டுவந்தேன். தண்ணீர் மாற்றும்போது சூடேற்றியை அணைத்து, ஆறவிட்டுப் பிறகுதான் கை வையுங்கள். எரியும்போது தண்ணீருக்கு வெளியே வந்தால் அதன் கண்ணாடி வெடித்துவிடக்கூடும். காற்றடித்து மரம் விழுந்து மின்சாரம் போன இரவுகளில், தொட்டியைச் சுற்றித் தெர்மோகோலும் பழைய கம்பளியும் வைத்துக் கட்டியதால் வெப்பம் சட்டென்று இறங்கவில்லை. மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை மலையூரில் கட்டாயம் வைத்திருங்கள்.

தனித் தொட்டியில் நல்ல பாக்டீரியா வளர்ந்து பழகிய வடிகட்டி இல்லாததால், அம்மோனியா சேராமலிருக்கத் தினமும் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் தினமும் குழாயில் தண்ணீர் வராது என்பதால், அது வீட்டில் ஒரு சண்டையாகவே ஆனது. குளோரின் நீக்கி, வெந்நீர் கலந்து சூட்டைச் சரிபார்த்த பிறகே ஊற்றினேன். தீனியைப் பாதியாகக் குறைத்தேன்.

பூஞ்சை உதிர்ந்த பிறகு புண்ணின் ஓரம் கருத்தபோதுதான் மிகவும் பயந்துபோனேன். தங்கமீனின் காயம் ஆறும்போது இப்படிக் கருப்பதுண்டு. ஆனால் அம்மோனியா சுட்டாலும் கருக்கும் என்பதால், சோதித்துப் பார்க்காமல் மகிழ்ந்துவிடாதீர்கள். எனக்குச் சோதனையில் அம்மோனியா சுழி என்றே வந்தது. கருமை மங்க மங்க அந்த இடத்தில் சிறிய, நிறம் வெளுத்த செதில்கள் முளைத்தன. பெரிய தொட்டிக்குத் திருப்பிவிடும் முன், தண்ணீர் மாற்றி மாற்றி உப்பைக் குறைத்து, சூட்டையும் நாளுக்கு ஒரு டிகிரி வீதம் இறக்கினேன். மஞ்சள் பொடியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, ரசீது கேட்டார் அந்தக் கடைக்காரர். அவர் ரசீதே தரவில்லை.