30 வயது லேண்ட் குரூசரை எவ்வளவு உயர்த்துவது?

மலேசியாவின் கெந்திங் செம்பா சுரங்கத்தைத் தாண்டி, காராக் நெடுஞ்சாலை பெந்தோங் பக்கம் இறங்கத் தொடங்கும் வளைவுகளில்தான் எனக்கு அச்சம் வந்தது. வாங்கி மூன்று வாரமே ஆகியிருந்த என் 1994ஆம் ஆண்டு டொயோட்டா லேண்ட் குரூசர் 80, வளைவு முடிந்து கையைத் தளர்த்திய பிறகும் ஸ்டீயரிங்கை நேருக்குக் கொண்டுவரவில்லை. ஒவ்வொரு முறையும் நானே திருப்பி எடுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் லாரி ஒன்று கடந்துபோன காற்றுக்கே வண்டி தடம் விலகியது. பின் இருக்கையில் அம்மாவும் பிள்ளைகள் இருவரும் இருந்தார்கள். ரவூப்பில் சித்தப்பா வீட்டை அடையும்வரை மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

வண்டியை எனக்கு விற்றவர், அதற்கு முன்பே ஏதோ ஒரு கடையில் 75 மில்லிமீட்டர் உயர்த்தியிருந்தார். பழைய ஸ்பிரிங்குகளின் மேல் பாலியூரிதேன் வளையங்களை வைத்து, நீளமான ஷாக் அப்சார்பர்களைப் பூட்டி, வேறெதையும் தொடாமல் அனுப்பிவிட்டார்கள். பார்ப்பதற்குக் கம்பீரமாக நின்ற அந்த வண்டியின் உயரத்தைக் கண்டுதான் நானும் வாங்கினேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த வளையங்களைக் கழற்றிவிட்டு முறையான ஒரு லிஃப்ட் கிட்டை, அதாவது வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பை, தேர்ந்தெடுக்க எனக்கு ஏறக்குறைய ஆறு மாதம் பிடித்தது. அந்த ஆறு மாதத்தில் புரிந்துகொண்டதையே எழுதுகிறேன். ஏனென்றால் செந்தூலிலும் பத்துமலையிலும் எனக்குத் தெரிந்த இளைஞர்கள் பலர் பழைய ஃபோர் வீல் வண்டிகளை வாங்கி, முதல் வேலையாக உயரத்தைத்தான் கூட்டுகிறார்கள்.

முதலில் ஓர் அடிப்படை. சஸ்பென்ஷனை, அதாவது அச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையிலுள்ள ஸ்பிரிங், ஷாக் அமைப்பை, உயர்த்தினால் உடலும் சட்டகமும்தான் மேலே போகும். அச்சும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர்கள் அடங்கிய டிஃபரென்ஷியல் உருண்டையும் இருந்த இடத்திலேயே இருக்கும். காட்டுப் பாதையின் நடுத்திட்டில் முதலில் இடிப்பது அந்த உருண்டைதான். அதை உயர்த்தப் பெரிய டயர் மட்டுமே வழி. என் வண்டியில் நிறுவனம் கொடுத்த அளவு 275/70R16, விட்டம் சுமார் 791 மி.மீ.; பலரும் மாற்றும் 285/75R16 டயரின் விட்டம் சுமார் 834 மி.மீ. ஆக அச்சு உயர்வது 21 மி.மீ. மட்டுமே. இதற்கே வேகமானி ஏறக்குறைய 5 விழுக்காடு குறைத்துக் காட்டும்: முள் 110இல் நிற்கும்போது வண்டி 116இல் ஓடிக்கொண்டிருக்கும். அப்படியானால் சஸ்பென்ஷனை எதற்காக உயர்த்துகிறோம்? அந்தப் பெரிய டயர் உடலில் உரசாமல் சுழல இடம் வேண்டும். மேட்டில் ஏறி இறங்கும்போது முன்பின் முனைகள் தட்டாமல் இருக்க வேண்டும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது நெடுந்தூரம் தொங்கித் தரையைத் தொட வேண்டும். இந்த மூன்றுக்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவே போதும். விரலுக்குத் தகுந்த வீக்கம்.

பத்துமலைக்கு அருகில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் போய், எந்த நிறுவனத்தின் கிட் நல்லது என்று கேட்டேன். அவர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, “பேரெல்லாம் அப்புறம் பேசலாம் தம்பி. முதல்ல வண்டிய எடை போட்டுக்கிட்டு வாங்க” என்றார். சும்மாவும் ஒருமுறை, காட்டுக்குப் போகிற மாதிரி குடும்பத்தோடும் சாமானோடும் ஒருமுறை; முன் அச்சு தனியாக, பின் அச்சு தனியாக. செலவில்லாத இந்த அறிவுரைதான் இந்த முயற்சி முழுவதிலும் மிக விலையுயர்ந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

பழைய இரும்பு வாங்கும் கிடங்கு ஒன்றில் லாரி எடைமேடை இருந்தது. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறையும், பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறையும் எடுத்தோம். சாமான் இல்லாமல் முன்னால் 1,310 கிலோ, பின்னால் 1,060 கிலோ. நான்கு பேர், கூடாரம், 40 லிட்டர் தண்ணீர், இரண்டு டீசல் கலன்கள், கருவிப்பெட்டி, சமையல் சாமான் எல்லாம் ஏற்றியபோது முன்னால் 1,370, பின்னால் 1,480. அதாவது, காட்டுப் பயணத்தின் சுமை கிட்டத்தட்ட முழுவதும் பின் அச்சின் தலையில்தான் விழுகிறது. முன்பக்கமோ எப்போதும் கனமாகவே இருக்கிறது, ஏனென்றால் எஃகு புல் பாரும் (முன்முகத் தடுப்புச் சட்டகம்) வின்ச்சும் (சகதியில் சிக்கினால் வண்டியை இழுக்கும் வடச்சுருள்) நிரந்தரமாக அங்கே தொங்குகின்றன. அவை அச்சுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், தம் எடையைவிடச் சற்று அதிகமாகவே முன் அச்சை அழுத்தி, பின் அச்சைக் கொஞ்சம் தூக்கிவிடுகின்றன.

ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க இந்த எண்கள் எதற்கு என்று கேட்கலாம். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 3 கிலோ தேவைப்படும் ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன் அச்சில் 90 கிலோ கூடினால் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 45 கிலோவைத் தாங்கி 15 மி.மீ. அமுங்கும். ஆகவே வெறும் வண்டிக்கென்று கணக்கிட்ட ‘50 மி.மீ.’ ஸ்பிரிங், புல் பாரும் வின்ச்சும் உள்ள வண்டியில் 35 மி.மீ.தான் தரும். கனரக ஸ்பிரிங்கை வெறும் வண்டிக்குப் போட்டாலோ, 50க்குப் பதில் 70 மி.மீ. உயர்ந்து, பள்ளத்தில் விழும்போதெல்லாம் கட்டைவண்டிபோல் குதிக்கும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் உயரம் ஒரு குறிப்பிட்ட சுமைக்கு மட்டுமே உண்மை. அந்தச் சுமை நம்முடையதா என்று பார்ப்பதுதான் தேர்வு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பழைய வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. உயரத்தை எங்கிருந்து அளப்பது? என் வண்டியில் வளையங்களைக் கழற்றிவிட்டு, சக்கர மையத்திலிருந்து நேர்மேலே மட்கார்டின் விளிம்புவரை அளந்தோம். தரையிலிருந்து அளக்கக் கூடாது. டயர் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கைக் கெடுத்துவிடும். முன் இடப்பக்கம் 485, வலப்பக்கம் 472. முப்பது ஆண்டுகளாக ஓட்டுநர் உட்கார்ந்த பக்கம் 13 மி.மீ. கூடுதலாகத் தளர்ந்திருந்தது. இந்தச் சாய்வுக்காகவே சில தயாரிப்பாளர்கள் முன் ஸ்பிரிங்குகளை ஒன்று சற்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இணையாகத் தருகிறார்கள். நீளமானது ஓட்டுநர் பக்கம் போக வேண்டும். இடம் மாற்றிப் பூட்டினால் சாய்வு இரட்டிப்பாகும். தளர்ந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும்போது, பழைய நிலையிலிருந்து 70, 80 மி.மீ. உயர்ந்ததுபோல் தோன்றும், உண்மையான உயர்வு 50தான். வண்டி இன்னும் எழவில்லையே என்று ஏங்குகிற பலருக்குப் புதிய சாதாரண ஸ்பிரிங்கே பாதி ஆசையைத் தீர்த்துவிடும்.

இனி காராக்கில் என்னைப் பயமுறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். லேண்ட் குரூசர் 80, 1990இல் விற்பனைக்கு வந்தபோது, அதற்கு முந்திய 60இன் பட்டை வில்களை விட்டுவிட்டு நான்கு சக்கரங்களுக்கும் சுருள் ஸ்பிரிங்கைப் பெற்றது. முன் அச்சை இரண்டு நீண்ட கரங்கள் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு கரமும் அச்சில் புஷ் எனப்படும் இரண்டு ரப்பர் உருளைகளாலும் சட்டகத்தில் ஒரு முனையாலும் பிணைந்திருக்கிறது. உடலை உயர்த்தும்போது இந்தக் கரங்கள் சரிவாகின்றன. அச்சும் அவற்றோடு சேர்ந்து உருளுகிறது. அப்படி உருளும்போது காஸ்டர் கோணம் குறைகிறது. மிதிவண்டியின் முன் கவட்டை சாய்ந்திருப்பது, கையை விட்டாலும் அது நேரே ஓட உதவுகிறது. காஸ்டர் என்பது அந்தச் சாய்வுதான். இந்த வண்டிக்கு அது ஏறத்தாழ 3 பாகை இருக்க வேண்டும். 50 மி.மீ. உயர்த்தினால் சுமார் 2 பாகை போய்விடும். சக்கரக் கோணங்களை அளக்கும் அலைன்மென்ட் கருவியில் ஏற்றிப் பார்த்தபோது, 75 மி.மீ. வளையங்களோடு என் வண்டியில் மிஞ்சியிருந்தது அரைப் பாகைகூட இல்லை. அம்மாவையும் பிள்ளைகளையும் அந்த அரைப் பாகையை நம்பி மலையிறக்கத்தில் ஏற்றிச் சென்றேன் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

இழந்ததை மீட்க வழிகள் உள்ளன. துளை மையம் தள்ளிய புஷ்கள் சுமார் 2 பாகையைத் திருப்பித் தரும். விலை குறைவு, ஆனால் பாலியூரிதேனில் வருபவை விறைப்பானவை, முன் அச்சு முறுக்கி அசைவதைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். அதற்கு மேல் வேண்டுமானால் திருத்தத் தட்டுகளோ, வளைவு மாற்றி வார்த்த புதிய கரங்களோ தேவை. இதிலும் ஒரு கண்ணி உண்டு. காஸ்டரைத் திருத்த அச்சை உருட்டும்போது, டிஃபரென்ஷியலின் மூக்கு கீழே குனிந்து, முன் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுகள் கூடுதலாக மடங்குகின்றன. என் வண்டிபோல் நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கும் வகையில் அந்த ஷாஃப்ட் நெடுஞ்சாலையிலும் சுழன்றுகொண்டே இருப்பதால், அதிர்வு கைக்கு எட்டும். உயரம் கூடக் கூட ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று கெடும் இந்தச் சங்கிலி நீண்டுகொண்டே போகும். 50 மி.மீ.இல் நின்றால் ஒரு தொகுதி புஷ்ஷோடு முடிந்துவிடுகிறது. நான் அங்கே நின்றதற்கு முதன்மைக் காரணம் இதுவே.

பிரேக்கைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பின் அச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையே ஒரு கம்பியோடு இணைந்த வால்வு இருக்கிறது. சுமை ஏறி உடல் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடுவதும், உடல் எழுந்தால் குறைப்பதும் அதன் வேலை. லிஃப்ட் போட்டதும் வண்டி எப்போதும் காலியாக இருப்பதாக அது எண்ணிக்கொண்டு, பின் பிரேக்கை ஒடுக்கிவிடும். முன் பிரேக்குகளே எல்லாவற்றையும் சுமக்கும். கம்பியின் நிலையைத் திருத்த வேண்டும். ரப்பர் பிரேக் குழாய்களும் அச்சு முழுமையாகத் தொங்கும்போது இழுபடாத நீளத்தில் இருக்க வேண்டும். ஒரு கிட்டின் விலையில் இவையும், வளைவில் உடல் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பிக்கு நீண்ட இணைப்புகளும், அச்சு மேலே எழும்போது தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பும் அடங்கியுள்ளனவா என்று கேட்டுப் பாருங்கள். ஷாக் முழுமையாக அமுங்குவதற்கு முன்பே பம்ப் ஸ்டாப் இடித்து நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஷாக்கே தடுப்புக்கட்டையாகி உடைந்துபோகும்.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில் என் கருத்து சற்று மாறுபட்டது. இங்கே கிடைக்கும் பெரும்பாலான கிட்டுகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வருபவை: 1975இல் தொடங்கிய ஏஆர்பி நிறுவனத்தின் ஓல்ட் மேன் இமு, ராக்ஹாம்ப்டனில் பிறந்த டோபின்சன்ஸ், டஃப் டாக், அயர்ன்மேன் என்று. அந்த நாட்டின் அலையலையான மண்சாலைகளில் மணிக்கணக்கில் வேகமாக ஓடும்போது ஷாக் எண்ணெய் கொதித்துப்போகும் என்பதால், வெப்பத்தைத் தாங்குவதே அங்கே பெருங்கவலை. நம் உலு லாங்காட்டிலும் குவாலா குபு பாருவுக்கு மேலேயும் உள்ள பாதைகள் அப்படியல்ல. மழையில் ஊறிய செம்மண், முழங்கால் ஆழத் தடங்கள், நடக்கும் வேகம். நமக்கு வேண்டியது நீளமாகத் தொங்கும் சக்கரமும், சகதி புகாத தண்டும், வாரநாளில் ஜாலான் ஈப்போவின் நெரிசலில் முதுகை உலுக்காத மென்மையும்தான். அதனால் விலை கூடிய, தனி எண்ணெய்க் கலன் உள்ளவற்றை விட்டுவிட்டு, எளிய நைட்ரஜன் வாயு நிரப்பிய இரட்டைக்குழாய் வகையைத் தேர்ந்தேன். மிச்சமான பணம் புஷ்களுக்குப் போனது.

பழைய வண்டிக்காரர் எல்லோரிடமும் நான் மன்றாடிக் கேட்பது இந்தப் புஷ்களைப் பற்றித்தான். கிட் வாங்குவதற்கு முன் எல்லாக் கரங்களின் புஷ்களையும், முன் சக்கரங்களை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராட் முனைகளையும், முன் சக்கரத் திருப்புமூட்டின் பேரிங்குகளையும், கிரீஸ் கசியும் அதன் சீல்களையும் பாருங்கள். என் வண்டியில் அந்த மூட்டுகளைத் திறந்தபோது கிரீஸும் கியர் எண்ணெயும் கலந்த கறுப்புக் கூழ் வழிந்தது. தேய்ந்த மூட்டின் ஆட்டத்தை அடக்கப் பெரிய ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங்கின் அதிர்வைத் தணிக்கும் சிறு ஷாக்) போடச் சொல்வார்கள். அது வலியை மறைக்கும் மாத்திரை, நோய் உள்ளேயே இருக்கும். மூட்டுகளுக்கும் புஷ்களுக்கும் கிட்டுக்கு ஆனதில் முக்கால் பங்கு பணம் செலவானது. செலவைப் பிரித்துச் செய்ய வேண்டுமானால் இதை முதலிலும் கிட்டை அடுத்த ஆண்டிலும் செய்யுங்கள்.

வாகனத்தின் அமைப்பை மாற்றுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கும் 1959ஆம் ஆண்டின் வாகன அமைப்பு, பயன்பாட்டு விதிகளுக்கும் உட்பட்டது என்பதால், வாங்குமுன் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் முகப்பில் கேட்டுவிடுவதும் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் கட்டாயம். கூரையில் சாமான் ஏற்றும் சட்டகம் வைத்திருப்பவர்கள் தங்கள் வீட்டடுக்கின் வாகன நிறுத்துமிட நுழைவாயிலையும் அளந்துகொள்ளட்டும்.

முடிவில் நான் போட்டது இதுதான்: முன்னால் புல் பாரும் வின்ச்சும் உள்ள வண்டிக்கான 50 மி.மீ. ஸ்பிரிங், பின்னால் நடுத்தரச் சுமைக்கான 50 மி.மீ. ஸ்பிரிங். பின்பக்கத்துக்குக் கனரகத்தையே நண்பர்கள் பரிந்துரைத்தார்கள். ஆனால் ஆண்டுக்கு ஐந்தாறு முறைதான் அந்தச் சுமை ஏறுகிறது. மற்ற நாளெல்லாம் இடுப்புவலி உள்ள அம்மாவை அந்த வண்டியில்தான் கோயிலுக்கும் மருத்துவரிடமும் அழைத்துப் போகிறேன். ஆகவே பின் ஸ்பிரிங்குகளுக்கு உள்ளே பொருந்தும் காற்றுப்பைகளை வைத்து, காட்டுக்குப் போகும் முதல்நாள் இரவு மட்டும் காற்றடித்துக்கொள்கிறேன்.

பூட்டும் நாளில் அண்ணன் ஒன்றில் கண்டிப்பாக இருந்தார். கரங்களின் திருகுகளை வண்டி தூக்கியில் தொங்கும்போது இறுக்கவே விடவில்லை. நான்கு சக்கரமும் தரையில் நின்று, வண்டி தன் புதிய உயரத்தில் அமர்ந்த பிறகே இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே பிடிபட்டுச் சில மாதங்களில் கிழிந்துவிடும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் ஸ்பிரிங் படிந்து, மீண்டும் அளந்தபோது முன்னால் இடத்துக்கும் வலத்துக்கும் வித்தியாசம் 2 மி.மீ.தான். காஸ்டர் 2.8 பாகை. சென்ற வாரம் அதே காராக் இறக்கத்தில், கெந்திங் செம்பாவைத் தாண்டிய முதல் வளைவில் பிடியைச் சற்றே தளர்த்தினேன். ஸ்டீயரிங் என் விரல்களுக்கிடையே மெல்ல நழுவி நேருக்கு வந்து நின்றது. அம்மா பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார்.