கையெழுத்து இருக்கிறது, சீல் இல்லையாம்!

குழந்தைகள் குடல், கல்லீரல் பிரிவில் ஃபெல்லோஷிப் (சிறப்புப் பயிற்சி) முடித்துச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. மதுரையிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில்தான் பயிற்சி. ஸ்கோப் (உள்ளே விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்) பிடிப்பதிலும் வார்டிலும் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், மனசாரச் சொல்லிக்கொடுத்தார்கள். படாத பாடு படுத்தியது ஆபீஸ்தான்.

எம்டி பீடியாட்ரிக்ஸ் முடித்து இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று. டிஎம், டிஆர்என்பி என்ற சூப்பர் ஸ்பெஷாலிட்டி பட்டங்கள் என்றால் நீட் எஸ்எஸ் நுழைவுத் தேர்வு எழுதி 3 வருடம். ஃபெல்லோஷிப் வேறு. அதை மெடிக்கல் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிய முடியுமா என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். "அதெல்லாம் ஆயிரும்" என்ற வாய்வார்த்தையை நம்பிச் சேராதீர்கள்.

சரி, லாக்புக் (பயிற்சிப் பதிவேடு) விஷயம். செய்த ஒவ்வொரு ப்ரொசீஜரையும், பார்த்ததா, உதவியதா, நாமே செய்ததா என்று எழுதி கன்சல்டன்ட் கையெழுத்து வாங்க வேண்டும். அன்றன்றைக்கே வாங்கிவிடுவேன். முடிக்கும் நேரத்தில் கொண்டுபோய் நீட்டினால், "கையெழுத்து இருக்கு, டிபார்ட்மெண்ட் சீல் இல்லையே டாக்டர், இதெல்லாம் கணக்குல வராது" என்றார் கிளார்க். சேரும்போது கொடுத்த தாளில் சீல் என்ற பேச்சே கிடையாது. எச்ஓடி (துறைத் தலைவர்) சீல் போடத் தயார். ஆனால் கையெழுத்துப் போட்டவர் முன்னால்தான் போடணுமாம். அவரோ வேலையை விட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டார்.

அப்படி அடிபட்ட பக்கங்களில் ஒன்றில்தான் மேலூர்ப் பையன் இருந்தான். "காசை முழுங்கிட்டான்" என்று ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். எக்ஸ்ரேயில் வட்டத்துக்குள் இன்னொரு வட்டம், பக்கவாட்டுப் படத்தில் ஓரத்தில் ஒரு படி. காசுக்கு அப்படி வராது; அது பட்டன் பேட்டரி (பொம்மை, ரிமோட்டில் போடும் சின்ன வட்ட பேட்டரி). பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் நின்றுவிட்டால் 2 மணி நேரத்திலேயே சதையை அரிக்க ஆரம்பித்துவிடும். சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு என்று பார்த்துக் காத்திருக்க முடியாது. மயக்க மருந்து டாக்டரை எழுப்பி வரவழைத்து, கன்சல்டன்ட் பக்கத்தில் நிற்க, நான் எடுத்தேன். பேட்டரி இருந்த இடம் கறுத்துப்போயிருந்தது. நானே ஸ்கோப் பிடித்து எடுத்த முதல் பேட்டரி அது. அது கணக்கில் வராது என்றால் எப்படிப் பொறுப்பது?

வழி சொன்னவர் எண்டோஸ்கோபி ரூம் சிஸ்டர். "எங்க ரெஜிஸ்டர்லதான் எல்லாம் இருக்கே டாக்டர்!" தேதி, ஐபி நம்பர், யார் செய்தது, யார் கூட நின்றது, அத்தனையும் அதில் இருந்தது. நோயாளி பெயரை மறைத்து ஜெராக்ஸ் எடுத்து, எச்ஓடியிடம் அட்டெஸ்ட் வாங்கி இணைத்தேன். அதற்கும் முகத்தைச் சுளித்தார்கள். மெடிக்கல் சூப்பிரண்டிடம் நேரில் போய் நின்ற பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சிஸ்டருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

அதனால் சீல், கையெழுத்து, படிவம் எது எது வேண்டும் என்று முதல் வாரமே ஆபீஸில் கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள். மாதாமாதம் லாக்புக்கை போட்டோ எடுத்து வையுங்கள். கன்சல்டன்ட் யாராவது கிளம்பப் போகிறார் என்று காதில் விழுந்தால், அன்றைக்கே அவரிடம் தனியாக ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

அப்புறம், ஸ்கோப் கேஸ்களை மட்டும் எழுதிவிட்டு ஓபி கேஸ்களை விட்டுவிடாதீர்கள். பிறந்து 2 வாரம் தாண்டியும் மஞ்சள் குறையாமல், மலம் வெளுத்துப்போகும் குழந்தைக்கு ரத்தத்தில் டைரக்ட் பிலிருபின் பார்த்தோமா, பிலியரி அட்ரீசியா (பித்தக்குழாய் அடைப்பு) என்றால் பித்தம் குடலுக்கு வடிய வழி செய்யும் கசாய் ஆபரேஷனுக்கு, பிறந்த 60 நாளுக்குள் அனுப்பினோமா என்று தேர்வில் குடைந்து குடைந்து கேட்டார்கள். நான் எழுதி வைத்திருந்த ஓபி குறிப்புகள்தான் கைகொடுத்தன. தேர்வு நல்லபடியாக முடிந்தது.

சான்றிதழ் வாங்கும்போது பெயர், இனிஷியல், பயிற்சித் தேதி மூன்றையும் கவுன்டரிலேயே சரிபாருங்கள். எனக்கு இனிஷியல் மாறி வந்திருந்தது. "அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். நகரவில்லை, சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்து திருத்தி வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.